குயில் எலும்பு

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. கண்ணாடிக்குப் பின்னால் தலை, தோள், இரண்டு கை. கண்ணாடியின் அடியில் அரைவட்டமாக வெட்டிய ஓட்டை வழியாகப் பணம் உள்ளே போகும், டிக்கெட் வெளியே வரும். வெளியூர் வண்டி ஓட்டுகிறவர்களிலிருந்து நடைமேடை பெருக்குகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவள் சன்னலக்கா. இருபது வருஷத்துக்கு மேலாக அதே சன்னல்தான். நாற்காலி மட்டும் அவ்வப்போது மாறியது. ஒவ்வொன்றும் முன்னதைவிட மோசம்.

வாய் இல்லாவிட்டால் அந்த வேலையில் குப்பை கொட்ட முடியாது. வரிசையில் இடையில் புகுகிறவனை, சில்லறை இல்லாமல் வருகிறவனை, போன வண்டிக்கு இன்றைக்கு டிக்கெட் கேட்கிறவனை, எல்லாரையும் ஒரு வார்த்தையில் மடக்கிவிடுவாள். "வண்டி போயிடுச்சு தம்பி. நீங்க ஓடினா ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேரலாம்" என்று முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் போனதும், அதனால் அவள் பட்ட பாடும்தான் இந்தக் கதை.

ஒரு மழைக்காலக் காலையில் அது நடந்தது. டிக்கெட் அறைக்குப் பின்னால் இரண்டு படி இறங்கினால் டீ போடுகிற இடம். யாருடைய குடையிலிருந்தோ சொட்டிய தண்ணீர் படியில் கிடந்திருக்கிறது. கையில் டீயோடு திரும்பியவள் வழுக்கி, படியின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் டம்ளர் கையிலேயே இருந்தது. அடுத்த சன்னல்காரர் அதைப் பார்த்துக் கைதட்டினார்.

"சர்க்கஸ்ல சேர்ந்திருக்கலாம் நீங்க. ஒரு சொட்டுக்கூடச் சிந்தலையே."

அவளும் சிரித்தாள். எங்கே அடிபட்டது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். சுவரைப் பிடித்து எழுந்து, நாற்காலியில் போய் உட்கார்ந்தபோதுதான் அடி எங்கே என்று அவளுக்கே தெரிந்தது. முதுகெலும்பு முடிந்து, அதற்குக் கீழே, நாம் எதன்மேல் உட்காருகிறோமோ அந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில். ஆணி வைத்து அடித்தது போல இருந்தது.

அந்த இடத்துக்குத் தமிழில் வார்த்தைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. திட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. குழந்தையைக் கழுவிவிடும்போது கொஞ்சுவதற்கு வேறொன்று. நாலு ஆண்கள் கூடிச் சிரிப்பதற்கென்று பத்துப் பதினைந்து தேறும். நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, ஒரு டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதுதான் அகப்படவில்லை. அன்று மாலை வீட்டில் அவள் கையை ஊன்றி எழுந்திருக்கிற விதத்தைப் பார்த்துப் புருஷன் கேட்டான்.

"என்ன ஆச்சு?"

"படியில வழுக்கிட்டேன். இடுப்பு."

இடுப்பு கண்ணியமான சொல். பாரம் தூக்கினாலும் வலிக்கும், வயசானாலும் வலிக்கும், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அவன் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். நல்லவன்தான். அன்றைக்கே மருந்துக் கடையிலிருந்து வலி போக்கும் பிளாஸ்திரி வாங்கி வந்து தானே ஒட்டிவிட்டான்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்க?"

"ம். போதும், அங்கேயே இருக்கட்டும்."

இருபத்தைந்து வருஷம் கூடவே வாழ்ந்தவனிடம்கூட இன்னும் நாலு விரல் கீழே என்று சொல்ல வரவில்லை. பிளாஸ்திரி ஒரு குறையும் இல்லாத இடுப்பைச் சூடாக்கிக்கொண்டு கிடந்தது.

அடுத்த வாரம் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாள். டாக்டரின் மேஜைக்கு அருகே அவள் ஒரு ஸ்டூலிலும், அவளுக்கு அடுத்த நோயாளி இன்னொரு ஸ்டூலிலும். கதவு திறந்தே கிடந்தது. வாசலில் பத்துப் பேர்.

"எங்கம்மா வலி?"

"இடுப்பு, டாக்டர்."

இடுப்பைத் தட்டிப் பார்த்தார். இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எலும்பெல்லாம் சுத்தமா இருக்கு. வயசாகுதில்ல?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் அலுப்புதான். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவாள். அந்தத் தொடை மரத்ததும் மறுபக்கம் சாய்வாள். எழுந்து நின்றபடி டிக்கெட் கொடுத்துப் பார்த்தாள். மேஜை தாழ்வு, குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கும் அந்த ஒரு நொடிதான் எல்லாவற்றிலும் கொடுமை, உயிரைப் பிடுங்கி எடுத்துத் திரும்ப வைத்தது போல இருக்கும். அதற்குப் பயந்து எழுந்திருப்பதையே தள்ளிப்போட்டாள். எழாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். நாக்கு வறண்டு, சன்னலுக்கு வெளியே இருப்பவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். வேடிக்கைப் பேச்சு நின்றுபோனது. சூப்பர்வைசர் ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, சீட்டுல முள்ளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டில் டிவியை நின்றுகொண்டு பார்த்தாள். தட்டைக் கையில் ஏந்தி அடுப்படியில் நின்றே சாப்பிட்டாள். என்ன கோபமோ என்று புருஷன் நினைத்துக்கொண்டான். கேட்டால் இன்னும் கோபப்படுவாளோ என்று கேட்காமல் விட்டான். இப்படியே ஓடியது.

விவகாரம் வெடித்தது புருஷனுடைய அண்ணன் வீட்டில். அண்ணன் புதிதாக ஒரு வீடு வாங்கி, வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். அண்ணன் மனைவிக்கும் இவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. கல்யாண நாளிலிருந்தே ஓரகத்திமார் இருவரும் எண்ணெயும் தண்ணீருமாகத்தான் இருந்தார்கள். போகாவிட்டால் தப்பாகும் என்று பேக்கரி வேனிலேயே கிளம்பினார்கள். அந்த வண்டியின் சீட் பலகை மாதிரி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தூக்கிக்கொண்டாள். போய்ச் சேர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

கூடத்தில் புது சோபா. மேலே போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை.

"உக்காரு" என்றாள் ஓரகத்தி.

"இருக்கட்டும்க்கா, வீட்டைப் பார்க்கறேன்."

வீட்டைப் பார்த்தாள். சமையலறையைப் பாராட்டினாள். குளியலறையை இரண்டு தடவை பார்த்தாள். பால்கனியில் நின்று, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத தெருவை வெகுநேரம் பார்த்தாள். காபியை நின்றபடி குடித்தாள். "உக்காரும்மா" என்று அண்ணனும் சொல்லிப் பார்த்தார். "பரவாயில்ல மாமா" என்றாள். கிளம்பும் வரை அவள் அந்தச் சோபாவில் உட்காரவில்லை.

மறுநாள் போன் வந்தது. உன் பொண்டாட்டிக்கு எங்க வீட்டில் உட்காரக்கூட மனசில்லையா, அவ்வளவு தாழ்ந்துபோய்விட்டோமா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். புருஷன் போனை வைத்துவிட்டு வந்தான்.

"ஒரு நிமிஷம் உக்காந்திருந்தா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

"எனக்கு இடுப்பு வலின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இடுப்பு வலிக்கிறவங்கதான் முதல்ல உக்காருவாங்க."

 தான் சொன்ன பொய்யே காலை வாரிவிட்டது. அவன் தேவையில்லாமல் வேனைக் கழுவப் போனான். அவள் அடுப்படிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

கூடத்தில் தையல் மெஷின் சத்தம் நின்றது. புருஷனின் தங்கை அவர்களோடுதான் இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், தைத்துப் பிழைக்கிறவள். தெருவில் பாதிப் பெண்களின் அளவு அவள் தலைக்குள் இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, உங்க இடுப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் துணி தைக்கிறவ நான்தான். வலிக்கிறது அங்க இல்ல."

இவள் சுவரிலிருந்து நெற்றியை எடுத்தாள்.

"வாயால சொல்ல வேணாம். என் முதுகுல கையை வச்சுக் காட்டுங்க" என்று நாத்தனார் திரும்பி நின்றாள்.

இவள் அவள் முதுகில் விரலை வைத்து, கீழே, இன்னும் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்தியதும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது. நாத்தனார் திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றாள். பார்த்தால் இவள் வெட்கப்படுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி. அளவு எடுத்தாச்சு. நாளைக்கு லீவு போடுங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தாள். சின்ன வயது. கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், மேஜை டிராயரில் பாதி கடித்த பிஸ்கட். அவளும் நாள் முழுக்க நின்றே களைத்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. நாத்தனார்தான் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் திரையை இழுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஒரு விரலால் தொட்டாள். இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

இந்த முறை எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் எடுத்தார்கள். திரும்பவும் கட்டிலில் சாய்ந்தவளுக்கு டாக்டர் படத்தில் பேனா முனையை வைத்துக் காட்டினாள். முதுகுத்தண்டின் நுனியில் குட்டிக் குட்டித் துண்டுகளாகக் கூம்பி, உள்பக்கமாக வளைந்த ஓர் எலும்பு. அதில் ஒரு துண்டு விலகியிருந்தது.

"இதான் அடிபட்டிருக்கு. காக்ஸிக்ஸ்."

"என்னது?"

"காக்ஸிக்ஸ். தமிழ்ல வால் எலும்புன்னு சொல்லுவாங்க."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அண்ணி சின்ன வயசுலயே வாலுன்னு பேர் எடுத்தவங்கதான்."

இவள் சிரிக்கவில்லை. அந்த முதல் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. திட்டும் இல்லை, கொஞ்சலும் இல்லை. நாக்கில் சுத்தமாக இருந்தது.

"அந்த இங்கிலீஷ் பேருக்கு என்ன அர்த்தம், டாக்டர்?"

மருந்து எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தாள். "இங்கிலீஷ் இல்லம்மா, கிரேக்கம். குயில்னு அர்த்தம்."

"குயிலா?"

"அந்தக் காலத்து வைத்தியர்கள் இந்த எலும்பைப் பார்த்திருக்காங்க. குயிலோட அலகு மாதிரி வளைஞ்சிருக்குன்னு தோணியிருக்கு. அப்படியே பேர் வச்சிட்டாங்க." டாக்டர் படத்தைத் திருப்பிப் பிடித்தாள். கூர்ந்து பார்த்தால் அலகு மாதிரித்தான் இருந்தது. தலைகீழாகத் தொங்கும் ஒரு பறவை, எதையோ கொத்தப் போகிற மாதிரி.

"கொத்துறதும் நிஜம்தான்" என்றாள் இவள்.

டாக்டர் முகத்தில் களைப்பு கொஞ்சம் விலகியது. "இன்னொரு கதையும் உண்டு. நாங்க முதல் வருஷம் படிக்கறப்போ, கிளாஸ்ல தூங்கறவங்களை எழுப்ப எங்க சார் சொல்லுவார். பின்னால வந்த ஒரு வைத்தியர், அலகும் இல்ல ஒண்ணும் இல்ல, காத்துப் பிரியற சத்தம் அந்த எலும்புல பட்டு வர்றப்போ குயில் கூவற மாதிரி இருக்கும், அதனாலதான் அந்தப் பேருன்னு எழுதி வச்சாராம்."

"எழுதியா வச்சாரு?"

"லத்தீன்ல."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. படுக்கையில் ஒருக்களித்துக் கிடந்தவளும் சிரித்தாள். சிரித்ததில் வலித்தது, வலித்ததில் இன்னும் சிரிப்பு வந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள், உள்ளே என்ன வைத்தியம் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். குயில் அடைகாக்காது. முட்டையைக் காக்கைக் கூட்டில் போட்டுவிட்டுப் பறந்துவிடும். ஓரிடத்தில் உட்கார்ந்து பொறுப்பைச் சுமக்கத் தெரியாத பறவை. போயும் போயும் அதன் பெயரையா உட்காரும் எலும்புக்கு வைத்தார்கள்? நாத்தனாரிடம் சொன்னாள்.

"பேர் வச்சவரு உக்காந்து வேலை பார்த்திருக்க மாட்டாரு, அண்ணி" என்றாள் நாத்தனார்.

சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார்தான் இவள் புருஷனிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். லத்தீனில் எழுதியவர் கதையைக் கேட்டு அவனுக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்து நிதானமானதும் சிரிப்பு அடங்கிப்போயிற்று. மனைவி அடுப்படி ஓரமாக நின்று சாப்பிடுவதைப் பார்த்தான்.

"அன்னிக்கு வேன்லயும் வலிச்சுதா?"

"ம்."

"அவ்வளவு தூரமும்?"

"ம்."

அவன் தட்டோடு எழுந்து வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்று மீதியைச் சாப்பிட்டான்.

மறுநாள் அவனே அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டான். ஓரகத்திதான் எடுத்தாள். "அண்ணி, அவளுக்குக் காக்ஸிக்ஸ்ல அடி" என்றான். அந்தப் பெயரைக் கேட்டு அவள் பதறிவிட்டாள். "ஐயோ, அது பெரிய வியாதியா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" அவனுக்கு மேற்கொண்டு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போனை மனைவியிடம் நீட்டினான்.

"வியாதி எல்லாம் இல்லக்கா. உக்காருற எலும்பு. விழுந்ததுல அடிபட்டிருக்கு."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குரல் தாழ்ந்து வந்தது.

"உக்காந்திருக்கிறதைவிட எந்திரிக்கிறப்போ உயிர் போகுமா?"

"ஆமா."

"நடந்தா ஒண்ணும் தெரியாதா?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்படி..."

"சின்னவன் பொறந்தப்போ எனக்கு வந்துச்சு. பெரிய குழந்தை அவன். ஒரு வருஷம் போல இருந்துச்சு. முதுகு வலின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். முதுகுக்குத் தைலம் தேய்ச்சு விட்டாங்க. உன் கல்யாணத்துல நான் உக்காரவே இல்ல. முழு நேரமும் தூணைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். பெரிய மருமகளுக்குத் திமிர்னு உன் பொறந்த வீட்டு ஆளுங்க பேசினது என் காதுல விழுந்துச்சு."

அப்படி நினைத்தவர்களில் இவளும் ஒருத்தி. புது மணப்பெண்ணாக உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தத் தூணோரத்தைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் கருவியிருக்கிறாள். அதிலிருந்து கிளைவிட்டதுதான் இத்தனை வருஷத்து எண்ணெயும் தண்ணீரும். அதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். பிறகு, இந்த வயதில் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று விட்டுவிட்டாள்.

"அதுக்கு ஒரு பேர் இருக்கா?" என்று ஓரகத்தி கேட்டாள். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கம் அவள் எழுத்துக்கூட்டுவது போல இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"அந்த இடத்துல வலிச்சதுக்கு, பேர் கேவலமா இருக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

அதற்கப்புறம் இருவரும் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் கதை அளக்கிறதாகும். பழைய பழக்கம் லேசில் போகுமா? ஆனால் வாரம் ஒருமுறை போன் வந்தது. எலும்பில் தொடங்கிப் பேச்சு எங்கெங்கோ போனது.

வலி சொன்னபடியெல்லாம் கேட்கவில்லை. நடுவில் பள்ளம் வைத்த மெத்தை ஒன்றை நாத்தனார் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தாள். அதை நாற்காலியில் போட்டதும் சூப்பர்வைசர் என்னவென்று கேட்டார். "காக்ஸிக்ஸ் எலும்பு விலகியிருக்கு சார்" என்று கண்ணாடி வழியாகப் பேசுவது போல நிமிர்ந்து சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார். மதியத்துக்கு மேல் நின்று பார்க்கிற வேலையாகப் பார்சல் பகுதியில் மாற்றிக் கொடுத்தார்கள். அங்கே மூட்டை நகர்த்துவதில் தோள் வலித்தது. தோள் வலியை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதே ஒரு நிம்மதி. டாக்டர் ஊசி போட்டபின் எலும்பு வலி பாதி குறைந்தது. மீதி, குளிர் நாட்களிலும் அலுத்த நாட்களிலும் எட்டிப் பார்த்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தாள், இது முழுக்கப் போகாமலும் இருக்கலாம் என்று.

கடைசியாகக் காட்டப் போனபோது அந்த டாக்டர் இல்லை. வேறு ஊருக்கு மாற்றல். புதிதாக வந்தவர் தலை நிமிராமல், "எங்கம்மா வலி?" என்று கேட்டார்.

"காக்ஸிக்ஸ்ல, டாக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்து, நர்ஸ் என்று நினைத்தாரோ என்னவோ, விறுவிறுவென்று ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"அந்த ஒரு வார்த்தைதான் டாக்டர் தெரியும். மிச்சத்தைத் தமிழ்லயே கேளுங்க."

அவர் கேட்டார். இவள் சொன்னாள். எங்கே, எப்போது, எப்படி என்று எல்லாவற்றையும், கதவு திறந்திருக்கும்போதே சொன்னாள். அதே மருந்தைத் தொடரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்பதுதான் அவளுக்குச் சுகம். சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"உக்காருங்கம்மா. ரொம்பக் களைப்பா இருக்கீங்க."

"வேணாம்மா, நான் நிக்கறேன்."

"பரவாயில்லம்மா, உக்காருங்க."

சுற்றி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல இப்போது வார்த்தை இருந்தது. சொன்னால், அது என்ன, ஏன், குயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பெண் கேட்பாள். நல்ல பெண்ணாகத் தெரிந்தாள், கட்டாயம் கேட்பாள். அன்றைக்கு அவ்வளவு தூரம் பேச இவளுக்குத் தெம்பில்லை. "நல்லாயிரும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தாள்.